சார் சரி செய்த பாட்டு

எங்கள் வகுப்பில் செருப்பு போட்டு வந்தவர்கள் ஒன்பது பேர்தான். மற்ற எல்லாரும் வெறுங்கால். அந்த ஒன்பது ஜோடியைக்கூட எங்கள் சாரால் சும்மா பார்த்துக்கொண்டு போக முடியாது. கணக்குப் பாடத்துக்கு நடுவில் எழுந்து வாசலுக்குப் போவார். குனிந்து இடதை இடப்பக்கமும் வலதை வலப்பக்கமும் வைத்து, குதிகால்கள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "சரி பண்ணிட்டா போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வருவார். அந்தப் பேச்சு அவர் வாயைவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் கன்னடம். சார் வெளியூர்க்காரர். காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வரும் பையனை நிறுத்திப் போட்டுவிடுவார். வகிடு கோணலாக இருந்தால் சடையை அவிழ்த்து அவரே பின்னிவிடுவார், எங்கள் அம்மாக்களைவிட நன்றாகப் பின்னுவார். வெள்ளிக்கிழமை நகம் வெட்டும் நாள். சுவரில் இருந்த படத்தின் மாலை ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு ஏறுவார். சத்துணவுத் தட்டுகளை அளவு பார்த்து அடுக்கச் சொல்லி, சமைக்கிற ஆயாவிடம் கன்னடத்தில் திட்டு வாங்கியிருக்கிறார். திட்டிய பிறகும் அவரே போய் அடுக்கினார்.

என் பெயரையும் அவர்தான் சரி செய்தார். வீட்டில் வைத்த பெயர் மாதம்மா. என் வகுப்பிலேயே மூன்று மாதம்மா, இரண்டு மாதேஷ், ஒரு மாது. பதிவேட்டை எழுதும்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மாதவின்னு வெச்சுக்கலாம், அழகா இருக்கும்" என்று சிவப்பு மையால் எழுதிவிட்டார். வீட்டில் கேட்கவில்லை. எனக்கு அன்று அது பெருமையாகத்தான் இருந்தது. இன்று என் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் நான் மாதவி. அம்மா மட்டும் மாதம்மா என்று கூப்பிடுகிறாள்.

நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் நல்லவர்தான். இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். மூன்றாம் வகுப்பில் என் தலை முழுக்கப் புண். பிள்ளைகள் யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். சார் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, என்னைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நர்ஸம்மா மருந்து போட்டுக் கழுவும்போது நான் அலற, அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் தலை சுத்தமாகிவிட்டது. நான் நர்ஸானது அந்த நாளால்தான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையும்கூட.

ஐந்தாம் வகுப்பில் பாட்டுப் போட்டி வந்தது. நாட்டுப்புறப் பாட்டு, குழுவாகப் பாட வேண்டும், முதலில் பள்ளி ஆண்டு விழாவில், பிறகு தர்மபுரியில். வீட்டில் போய் ஆளுக்கொரு பாட்டு கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றார் சார். பிள்ளைகள் நடவுப் பாட்டும் கும்மிப் பாட்டுமாகக் கொண்டுவந்தார்கள். சார் எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

ஒரு கும்மிப் பாட்டில் ஒருவன் கள்ளைக் குடித்துவிட்டு ஏரியில் விழுவான், பெண்டாட்டி கரையில் நின்று சிரிப்பாள். சார் கள்ளை அடித்துவிட்டு பால் என்று எழுதினார். பெண்டாட்டி சிரிப்பதையும் அடித்துவிட்டு, கைகொடுத்துத் தூக்குகிறாள் என்று போட்டார். பால் குடித்தவன் எதற்காக ஏரியில் விழுந்தான் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் பாடினோம். நாற்று நடுகிற பெண்கள் பண்ணைக்காரரைக் கேலி செய்கிற பாட்டு ஒன்று, சார் கைக்குப் போய் வந்தபோது பண்ணைக்காரரை வாழ்த்துகிற பாட்டாக இருந்தது. எந்தப் பாட்டிலும் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தை மட்டும் மாற்றமாட்டார். பழைய பாட்டுக்கு அவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

நாலைந்து நாளில் சாருக்குச் சலித்துவிட்டது. எல்லாம் ஒரே மெட்டாக இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு தர்மபுரிக்குப் போக முடியாது என்றார். வேறு யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது.

அம்மா சாவு வீட்டில் அழுகிறவள். சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் வரும். அம்மா போய்ப் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் தோளில் கை போட்டுத் தொடங்கினால், கல்லாக நிற்கிற ஆம்பிளையும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வான். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்ததால் என்னைத் தனியாக விட முடியாது, கூடவே இழுத்துக்கொண்டு போவாள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பாட்டு வந்தது. வீட்டில் அவள் அதை முணுமுணுக்கக்கூட மாட்டாள். சாவு விழாத வீட்டில் அந்தப் பாட்டை எடுக்கக் கூடாது, எடுத்தால் சாவைக் கூப்பிடுவதாக அர்த்தம். சாவு வீட்டிலிருந்து வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

அம்மாவின் தம்பி, என் மாமன், புளி உலுக்க மரம் ஏறி, கிளை முறிந்து விழுந்து செத்தவர். அன்றைக்கு அம்மா அழுத பாட்டு அவளே கட்டியது. பிறகு யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் சுற்றிச் சுற்றி அந்தப் பாட்டுக்குத்தான் வருவாள். அடுத்த வீட்டுச் சாவிலும் பெண்கள் அழுவது தங்கள் சாவைத்தான்.

அந்தப் பாட்டைத்தான் நான் சாருக்குப் பாடிக் காட்டினேன். ஆசை, வேறொன்றுமில்லை. சார் என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

புளியங்கெள முறிஞ்சதுன்னு
பூமி வந்து தாங்கலியே

என்று தொடங்கும். சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார். இது என்ன பாட்டு என்றார். சாவுப் பாட்டு சார், எங்க அம்மா அழுவறது என்றேன். மறைக்கவில்லை, சொன்னேன். இத்தனை வருஷமாக இந்த ஒன்றைத்தான் எனக்குச் சாதகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"பாட்டுல என்னம்மா சாவுப் பாட்டு, வாழ்வுப் பாட்டு? மெட்டு எவ்வளவு நல்லா இருக்கு பாரு. வார்த்தைய மட்டும் சரி பண்ணிட்டா போச்சு" என்றார். மதிய மணி அடிப்பதற்குள் சரி பண்ணிவிட்டார்.

புளியமரம் காய்த்ததென்று
பூமியெல்லாம் பூரிக்குதே
கூட்டுறவாய்ப் பாடுபட்டால்
கும்பிட்டதும் கிடைத்திடுமே

பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் பாடிப் பழகினோம். வீட்டுக்குப் போகும்போது ஏரிக்கரை வந்ததுமே நான் வாயை மூடிக்கொள்வேன். அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது. வார்த்தை மாறினாலும் மெட்டு மாறவில்லை என்று பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை.

ஆண்டு விழா மத்தியானம் மூன்று மணிக்கு. ஊர்ப் பெண்கள் எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமர நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் இருந்தாள். முன் வரிசையில் நாற்காலி போட்டு மேட்டு வீட்டுக்காரர்கள். அம்மா கூலிக்குப் போகிற வீடு அது, வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவர்களுடைய மருமகள், எனக்கு அக்கா முறை சொல்லிப் பழக்கம், நிறைமாதத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பால் குடித்தவன் ஏரியில் விழுந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்தது எங்கள் பாட்டு. நான்தான் முன்னால் நின்று எடுத்தேன். முதல் வரி முடியவில்லை, மைதானத்தில் பேச்சு நின்றுவிட்டது. அந்த மாதம் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். கிழவிகள் முந்தானையைத் தலையில் போட்டார்கள். மேட்டு வீட்டு அம்மா எழுந்து மருமகளின் தோளைப் பிடித்து, "ஏளு, ஏளு" என்று கன்னடத்தில் சொல்லி எழுப்பி, இழுக்காத குறையாக வெளியே கூட்டிப் போனாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சார் மேடை ஓரத்தில் நின்று, குரலை இன்னும் உயர்த்து என்று கையால் காட்டினார். உயர்த்தினேன்.

பதினெட்டு நாள் கழித்து அந்த அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை.

நான் இப்போது பென்னாகரம் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன். மாதத்துக்கு எத்தனையோ கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறேன். அந்த அக்காவின் கால் அன்றைக்கே வீங்கியிருந்தது, செருப்பில் பாதம் நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அழுத்தம் ஏறியிருக்க வேண்டும், யாரும் பார்க்கவில்லை. பாட்டு ஒன்றும் செய்யவில்லை. சார் பேசியது முழுக்க முழுக்கச் சரி. இருபது வருஷமாக நர்ஸாக இருப்பவள் சொல்கிறேன், அவர் சரி. அந்தச் சரியை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

ஊர் அம்மாவைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுத்து மேடையில் ஏற்றி அழ வைத்தாள், மேட்டு வீட்டின் மேல் என்ன கோபமோ என்றார்கள். அம்மா ஒரு நாள் கூலி வேலையை விட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள். சார் பேனாவை நோட்டுக்கு நேராக வைத்துவிட்டு, உட்காருங்கம்மா என்றார். அம்மா உட்காரவில்லை.

"நீங்க ஒரு நட மேட்டு வூட்டுக்கு வந்து, பாட்ட நான்தான் பாட வெச்சேன், இந்தம்மாவுக்கு ஒன்னுந் தெரியாதுன்னு சொல்லிப்புடுங்க சார். அது போதுங்க."

"பாட்டு பாடினா பிள்ளை செத்துப்போகும்னு நீங்க நம்புறீங்களாம்மா?"

"நான் நம்பறனா இல்லியான்னு யாருங்க கேக்கறாங்க? அவங்க நம்பறாங்க."

"நான் வந்து சொன்னா அந்த மூடநம்பிக்கைய நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஒரு வாத்தியார் அதைச் செய்யலாமா? நீங்க தைரியமா இருங்க. கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடும்."

அம்மா இன்னொரு தடவை கேட்டாள். அவர் இன்னொரு தடவை விளக்கினார், அதே அன்போடு, கிரகணத்தை எல்லாம் உதாரணம் காட்டி. அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அவள் வெறுங்காலோடுதான் வந்திருந்தாள், வாசலில் சாருக்கு வேலை மிச்சம். வீடு வரைக்கும் அவள் பேசியது ஒரே பேச்சு. "உனக்குத் தெரியாதா கண்ணு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பிறகு நடவுக்கு அம்மாவைக் கூப்பிடவில்லை. சாவுக்கும் கூப்பிடவில்லை. அவள் வாயைத் திறந்தால் அடுத்த சாவு தானாக வரும் என்று ஒரு பேச்சு கட்டிவிட்டார்கள். தன் பெரியம்மாவின் சாவுக்குப் போனபோதே வட்டத்தில் இடம் விடவில்லை, தோளில் போட்ட கையை ஒருத்தி எடுத்துவிட்டாள். அம்மா கூடத்தின் ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சாவு வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். மாரண்டஹள்ளித் தக்காளி மண்டியில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள், அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தர்மபுரிக்குப் போனேன். புதுப் பாவாடை, சார் பின்னிய இரட்டைச் சடை, ரோஜாப்பூ. அதே பாட்டை முன்னால் நின்று பாடினேன். முதல் பரிசு. பாடலும் மெட்டும் என்று சொல்லி சாரின் பெயரை ஒலிபெருக்கியில் படித்தார்கள். சார் திருத்தவில்லை. எதைக் கண்டாலும் திருத்துகிற மனுஷர் அதை மட்டும் திருத்தவில்லை. பிறகு வந்த வருஷங்களில் எந்த அதிகாரி வந்தாலும் அந்தப் பாட்டுதான். எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு நூறு தடவையாவது பாடியிருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாலக்கோடு பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். மாதவி என்று அவர்தான் கூப்பிட்டார். என் அடையாள அட்டை திரும்பியிருந்ததை நேராக்கிவிட்டார், கண்ணில் தண்ணீர் நின்றது, உண்மையான சந்தோஷம். அம்மா பாடுகிறார்களா என்று கேட்டார். இல்லைங்க சார் என்றேன். "வயசாயிடுச்சில்ல" என்று பதிலையும் அவரே சொல்லி முடித்துவிட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் சார் இறந்துபோனார். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஐஸ் பெட்டிக்குள் சார் கிடந்தார். வெள்ளைச் சட்டை, கை முழங்கை வரை மடித்து. வாசலில் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழ வைக்கிற ஆள் யாரும் இல்லை, கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. மகன் பெங்களூரில் கம்பெனி வேலை. அவர் எழுந்து, அப்பா உயிராக நினைத்த பாட்டு ஒன்று, அவரே எழுதியது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடியது என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டார்.

எங்களுக்குப் பிறகு வந்த ஏதோ ஒரு செட்டுப் பிள்ளைகள். மெட்டு தொடங்கியதும் என் பக்கத்தில் இருந்த வயதான பெண் போனைக் கீழே வைத்தாள். முந்தானை தானாக வாய்க்குப் போனது, உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, கூட்டுறவாய்ப் பாடுபட்டால் என்று பிள்ளைகள் பாடினார்கள். அவளுக்கு ஆட்டம் நின்றுவிட்டது. என்ன பாட்டு இது என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

இத்தனை வருஷம் கழித்து அந்த மெட்டு இருக்க வேண்டிய வீட்டில் இருந்தது. வார்த்தை மட்டும்தான் இல்லை. ஆண்டு விழாவில் எடுத்த பதிவு என்பதால் கடைசியில் கைதட்டல் வந்தது, விசிலும் வந்தது. மகன் அவசரமாக நிறுத்தப் போனார், போன் கை தவறிவிட்டது. முழுக் கைதட்டலும் முடிந்துதான் நின்றது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா பின்வாசலில் எனக்குத் தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தாள். சொம்பை எடுத்து என் தலையில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"யாரு அழுதா?"

"யாரும் அழுவல. பாட்டு போட்டாங்க."

எந்தப் பாட்டு என்று அவள் கேட்கவில்லை. அடுத்த சொம்பு ஊற்றினாள்.

"வார்த்த சரியா இருந்துச்சா?"

"இல்லம்மா. சாரோட வார்த்ததான்."

"அப்ப அந்த மனுசனுக்கு ஒருத்தரும் அழுவல" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு சாவைப் பற்றி அப்படி ஒரு சந்தோஷம் வரக் கூடாது, வந்தது. அம்மா துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டாள். அந்தப் புண் ஆறிய தழும்பின் மேல் அவள் கை நின்றது.

"எனக்கு நீ அழுவு, மாதம்மா. வார்த்தைய மாத்தாம அழுவு."

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சேலை மாற்றும்போது மனசுக்குள் பாட்டை எடுத்துப் பார்த்தேன். புளியங்கெள முறிஞ்சதுன்னு, பூமி வந்து தாங்கலியே. அதுவரைக்கும் வந்தது. நான்காவது வரியும் கும்பிட்டும் நீ எழலியே என்று வந்தது. நடுவில் மூன்றாவது வரி வரவில்லை. கூட்டுறவாய்ப் பாடுபட்டால் என்றுதான் வருகிறது. தள்ளிவிட்டு மறுபடி எடுத்தாலும் அதுவே வருகிறது. கூ என்று தொடங்கும் என்பது மட்டும் நிச்சயம், சார் முதல் எழுத்தை மாற்றமாட்டார். கூடப் பொறந்த என்றுகூட இருக்கலாம். மிச்சம் என்ன என்று தெரியவில்லை.

அந்த வரி தெரிந்த ஒரே ஆள் பின்வாசலில் சொம்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். சாவு விழாத வீட்டில் அவள் அதைச் சொல்லமாட்டாள். நானும் கேட்க முடியாது.